ஒரு வரி விட்டு

என் வகுப்பில் கட்டாயச் சட்டம் ஒன்றுதான் இருந்தது. எதை எழுதினாலும் ஒரு வரி விட்டு எழுத வேண்டும். எழுதிய வரி அவர்களுக்கு, விட்ட வரி எனக்கு. சிவப்புப் பேனையால் நான் திருத்துவதற்கு இடம் வேண்டுமல்லவா? யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் போட்ட சட்டம் அது. சிட்னிக்கு வந்தபோது உடுப்புப் பெட்டியோடு அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

இங்கே நான் ஆசிரியன் இல்லை. ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் இலக்கங்களைக் கணினியில் பதிவதுதான் என் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை நான் ஆங்கிலத்தில் வாய் திறந்தால் எதிரில் நிற்பவர் "சொரி?" என்று காதைச் சாய்ப்பார். இரண்டாம் முறை சொல்லுவேன். மறுபடியும் "சொரி?" மூன்றாம் முறை ஒரு துண்டில் எழுதிக் காட்டுவேன். எழுத்தில் பிழை இருக்காது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை மட்டும் நான் மாஸ்டர். நார்த்மீட்டில் ஒரு சிறிய மண்டபம், எட்டுக் கதிரைகள், உருட்டிக்கொண்டு வரும் வெண்பலகை. வருகிறவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குக் குடியுரிமைச் சோதனை, இன்னொருவருக்கு வேலை, மற்றவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். நான் காசு வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக என்ன வாங்கினேன் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. நான் உள்ளே வந்ததும் எட்டுப் பேரும் எழுந்து நிற்பார்கள். "இருங்கோ, இருங்கோ" என்று கையசைப்பேன். எழும்பவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சொற்களின் வகைகளைப் படிப்பிக்க வெண்பலகையில் எட்டுப் பெட்டிகள் வரைவேன். பெயர்ச்சொல்லுக்கு ஒன்று, வினைச்சொல்லுக்கு ஒன்று, இப்படி எட்டு. சொற்களைச் சொல்லச் சொல்லி ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போடுவேன். பிறகு, இரண்டு பெட்டியிலும் இருக்க உரிமை உள்ள சொற்கள் என்று நாற்பது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று கொடுத்தேன். வோட்டர் என்றால் தண்ணீர், செடிக்கு ஊற்றினால் அதுவே வினை. ஹாண்ட் என்றால் கை, எடுத்துக் கொடுத்தால் அதுவும் வினை. நாங்கள் தமிழில் ஓர் ஆங்கிலச் சொல்லை வினையாக்குவதென்றால் பின்னால் ஒரு 'பண்ணு' ஒட்டவேண்டும். மொப் பண்ணு, கிளீன் பண்ணு, போன் பண்ணு. ஆங்கிலச் சொல்லோ வீட்டு உடுப்போடு அப்படியே வேலைக்குக் கிளம்பிவிடும். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் அந்தச் சலுகை கிடையாது, இந்த நாற்பதுக்கு மட்டும்தான், பாடமாக்குங்கோ என்றேன்.

"மாஸ்டர், வெள்ளைக்காரருக்கு இந்தப் பட்டியலை ஆர் குடுத்தது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேட்டவர் என்னைவிட மூன்று வயது மூத்த ஒரு பெண். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடல் வழியாக வந்து, முகாமில் இருந்து, பல வருடம் கழித்து வெளியே விடப்பட்டவர். எங்கள் மண்டபத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தார். வலது தோள் தேய்ந்துபோய், தலை வாருவதற்குக்கூடக் கை உயராது. மொப்பை விடாவிட்டால் அந்தக் கையை மறந்துவிடவேண்டியதுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே ஒன்றரை வருடம் முதியோர் பராமரிப்புப் படித்து, பயிற்சியும் முடித்துச் சான்றிதழ் வாங்கினார். அவருடைய ஆஸ்பத்திரியிலேயே ஒரு வேலை வந்தது. நினைவு குழம்பிய முதியவர்கள் கட்டிலிலிருந்து இறங்கி விழுந்துவிடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே அதை ஸ்பெஷல் என்பார்கள். மொப் இல்லை, வாளி இல்லை, கதிரையில் இருந்து செய்யும் வேலை. அதற்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பவேண்டும், பிறகு நேர்முகம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அரசாங்கத்துக்கோ வேலைக்கோ ஒரு துண்டு எழுதினாலும் படித்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்பமாட்டார்கள். அக்கா ஒரு சனிக்கிழமை கொப்பியோடு வந்தார். மூன்று பக்கம், ஒரு வரி விட்டு, உருண்டை உருண்டையான எழுத்து.

"ஒருக்காப் பாத்துத் தாங்கோ மாஸ்டர். என்ரை இங்கிலீசிலை எழுதிப் போட்டன்."

பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றை எழுதியிருந்தார். முதியோர் இல்லத்தில் ஓர் இத்தாலியக் கிழவி. இருந்த கொஞ்ச ஆங்கிலமும் மறந்துபோய், வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுதுகொண்டே கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறாள். அக்கா அவள் பக்கத்தில் இருந்திருக்கிறார். அதை 'ஐ ஸ்பெஷல்ட் ஹெர்' என்று எழுதியிருந்தார். முதுகுக்குத் தலையணை வைத்ததை 'ஐ பிலோட் ஹெர் பாக்' என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 'ஷீ இத்தாலியன்ட் மீ, ஐ தமிழ்ட் ஹெர், ஷீ ஸ்லெப்ட்.' அவள் இத்தாலியனில் என்னிடம் பேசினாள், நான் தமிழில் அவளிடம் பேசினேன், அவள் தூங்கிவிட்டாள் என்பதுதான் அது.

இன்றைக்கு நினைத்தால் முகம் சுடுகிறது. அந்த வரியை நான் வகுப்புக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல காலம், அக்கா அவவைச் சிங்களப்படுத்தேல்லை" என்றேன். மண்டபம் அதிரச் சிரித்தது. பட்டியல் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு நான் மூன்று மாதம் பொறுத்திருந்து பதில் சொல்லியிருக்கிறேன். அது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்துதான் செய்தேன். அக்காவும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

அன்று பின்னேரம் என் வீட்டுக் குசினி மேசையில் இருந்து அந்தக் கடிதத்தை நான் முழுதாக மாற்றி எழுதினேன். இத்தாலியக் கிழவி போய்விட்டாள். அந்த இடத்தில், பல்பண்பாட்டுப் பின்னணி கொண்ட முதியோருடன் பயன்மிக்க தொடர்பாடல் உத்திகளைக் கையாண்டு அவர்களின் மன அமைதியை உறுதிப்படுத்தும் ஆற்றல் எனக்குண்டு என்ற பொருளில் ஒரு நீண்ட ஆங்கில வசனம் வந்தது. ஒரு பிழை கிடையாது. என் மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இது அவ கேக்கிற வேலையோ, நீங்கள் கேக்கிற வேலையோ?" என்றாள்.

"உனக்கு விளங்காது" என்றேன்.

கடிதத்தைப் பார்த்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூப்பிட்டது என்னையே என்பதுபோல மண்டபத்தில் நடந்தேன். இரண்டு வாரம் வகுப்பு முடிந்த பிறகு அக்காவை இருத்தி, கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தேன். எங்கள் ஊரில் சோதனைக்குப் போகும் பிள்ளைகளை அப்படித்தான் தயார்ப்படுத்துவோம். ரியூசன் கொட்டிலில் கட்டுரையைப் பாடமாக்கி, மண்டபத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரவேண்டும். நான் படித்ததும் அப்படி, படிப்பித்ததும் அப்படி. அக்கா பஸ்ஸிலும் பாடமாக்கினார், தரை துடைத்துக்கொண்டும் பாடமாக்கினார்.

"ஒரு சொல்லும் மாத்தப்படாது அக்கா. உங்கடை சொந்த இங்கிலீசுக்கு மட்டும் போயிடாதேங்கோ. அங்கை சிரிப்பினம்" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் செய்துகொண்டு வந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"குறை நினைக்காதேங்கோ மாஸ்டர். எனக்குச் சரிவரேல்லை."

என்ன நடந்தது என்று கேட்டேன். மூன்று பேர் இருந்தார்களாம். பயந்துபோன ஒருவரை நீங்கள் எப்படி ஆறுதல்படுத்தினீர்கள் என்று கேட்டார்களாம். அக்கா என் வசனத்தைச் சொல்லியிருக்கிறார். நடுவில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, சரி, உண்மையில் நீங்கள் என்ன செய்தீர்கள், உங்கள் சொற்களில் சொல்லுங்கள் என்றாளாம். அக்கா அதே வசனத்தை முதலிலிருந்து மறுபடியும் சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறையும் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் முறையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அந்த இத்தாலியன் மனிசியைச் சொல்லுவமோ எண்டு வாய் மட்டும் வந்தது மாஸ்டர். நீங்கள் சிரிப்பினம் எண்டு சொன்னனீங்கள். அதுதான் விட்டிட்டன்."

ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல இடம் வேறு கிடையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன். "பரவாயில்லை அக்கா, அடுத்தமுறை இன்னும் வடிவாப் பாடமாக்குங்கோ" என்றேன். அவருடைய மன்னிப்பை நான் ஏற்றுக்கொண்டேன். வெட்கக்கேட்டின் உச்சம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ரோல்ஸ்தான் என்று பல நாள் நினைத்தேன். அது உச்சம் அல்ல.

அதற்குப் பிறகு அக்கா வகுப்புக்கு வருவது குறைந்து, பிறகு நின்றுவிட்டது. வேலை நேரம் மாறிவிட்டதாம் என்று யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை.

ஒரு வருடம் போனது. எனக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி அறுவைச் சிகிச்சைக்குப் போட்டார்கள். கிடைத்த இடம் அக்கா வேலை செய்யும் ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் காலை, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தரை துடைக்கும் சத்தமும் ஒரு பெண்ணின் குரலும் கேட்டன. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து கழிவறைக்குப் போகப் பார்த்திருக்கவேண்டும்.

"டோன்ற் ஃபுட் மை ஃபுளோர், டார்லிங்! ருவெண்டி மினிற் நோ ஃபுட்டிங்!"

துடைத்த தரையில் இருபது நிமிடத்துக்குக் கால் வைக்கக்கூடாது என்பதுதான் அது. அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. காலை எடுத்துத் திரும்பக் கட்டிலில் வைத்துக்கொண்டார். ஒருமுறைகூட "சொரி?" என்று கேட்கவில்லை. என்னிடம் இந்த நாட்டில் யாரும் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை. பொறாமை வந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

திரைச்சீலை விலகியது. அக்கா என்னைக் கண்டார்.

"ஐயோ மாஸ்டர், என்ன இப்பிடிக் கிடக்கிறியள்?" என்று கிட்ட வந்து போர்வையை இழுத்துவிட்டார். இடது கையால்தான் இழுத்தார். வலது கை மொப்பைப் பிடித்தபடி இடுப்போடு ஒட்டிக் கிடந்தது.

அப்போது வார்ட்டுக்குப் பொறுப்பான தாதி மருந்துத் தள்ளுவண்டியோடு வந்தாள். நடுத்தர வயது, உரத்த குரல், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அக்காவைப் பார்த்து, பன்னிரண்டாம் கட்டில்காரர் இன்று எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இரண்டு நிமிடத்துக்கு முன் வார்ட்டைச் சிரிக்கவைத்த பெண், வாயைத் திறந்தார். திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "குட்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

தாதிக்கு விளங்கவில்லை. "இவளுக்கு என்ன நடந்தது? சாதாரணமாக வாயை மூட வைக்க முடியாது" என்று என்னிடம் சொன்னாள். நாங்கள் தெரிந்தவர்கள் என்று கண்டதும் பிடித்துக்கொண்டாள். ஸ்பெஷல் வேலை ஒன்று மறுபடியும் வந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறதாம். அக்காவைப்போல நோயாளியோடு பேச இந்த வார்ட்டில் ஆள் இல்லையாம். தோள் போய்க்கொண்டிருக்கிறது, கடிதத்தை எழுதித் தா, நானே கணினியில் ஏற்றிவிடுகிறேன் என்று ஒரு வாரமாகக் கெஞ்சுகிறாளாம். "தன் ஆங்கிலம் சரியில்லை, சிரிப்பார்கள் என்கிறாள். இவளுக்கு அதை யார் சொன்னது?"

என்னிடம்தான் கேட்டாள். அக்கா குனிந்து வாளியில் மொப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு இரண்டு சொல் போதும்.

"ஐ டோன்ற் நோ" என்றேன்.

பிழையில்லாத வசனம். தாதிக்கு முதல்முறையிலேயே விளங்கியது. அக்கா நிமிர்ந்தார். காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு மாறாக என்னைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "ஹீ இஸ் மை ரீச்சர். வெரி குட் ரீச்சர்" என்றார். அப்படியானால் நல்லது, இவள் எழுத நீங்கள் உதவி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் தாதி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். அக்காவின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. என்ன சொல்லவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. நான் செய்தது பிழை, உங்கள் இங்கிலீஷ் நல்லது, எழுதி அப்படியே தாதியிடம் கொடுங்கள். இவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் நான் செய்தது, அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு தேடியது. பிலோ வினையாகவும் வரும் என்று இருந்தது. ஸ்பெஷலும் இருந்தது, ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தனியாக இருந்து பார்த்துக்கொள்வது என்று ஆஸ்திரேலிய வழக்காகப் போட்டிருந்தது. ஃபுட் இருந்தது. தமிழோ வினையாக இல்லை. அது இல்லை என்று கண்டபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அந்த அளவுக்கு நான் தாழ்ந்துபோயிருந்தேன்.

வியாழன் பின்னேரம் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். காயம் நோகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு கீழே வைத்தேன். வெள்ளிக்கிழமை மனைவி "என்ன, ஆரையோ அடிக்க வெளிக்கிட்ட மாதிரி நடக்கிறியள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஐந்து மணி ஆனது. தாதி இருக்கிறாள்தானே, எப்படியும் அனுப்பியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை வகுப்பு வேண்டாம் என்று மனைவி தடுத்தும் கேட்கவில்லை. மெதுவாக நடந்து மண்டபத்துக்குள் போனேன். எழுந்து நின்றவர்களில் அக்காவும் இருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு வந்திருந்தார். நான் இருந்ததும் நேரே என் மேசைக்கு வந்து கொப்பியை விரித்து வைத்தார்.

"ஒருக்காப் பாத்துத் தாங்கோ மாஸ்டர்."

அவசரமாக வாசித்தேன். இத்தாலியக் கிழவியைத் தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. பல்பண்பாட்டுப் பின்னணி இருந்தது. பயன்மிக்க தொடர்பாடல் உத்திகள் இருந்தன. ஒரு வருடத்துக்குப் பிறகும் ஓர் எழுத்துப் பிசகாமல் என் வசனங்கள் அந்த உருண்டை எழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"அக்கா, இது நேற்றோட முடிஞ்சதல்லே?"

"ஓம் மாஸ்டர், அஞ்சு மணியோட முடிஞ்சுது. அந்த நேர்ஸ் பிள்ளையும் வந்து வந்து கேட்டவ."

"பிறகேன் குடுக்கேல்லை?"

நான் கேட்ட கேள்வி அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கள் பாக்காமல் எப்பிடிக் குடுக்கிறது மாஸ்டர்?" என்று சொல்லிவிட்டு, நான் திருத்துவதற்கு வசதியாக இடது கையால் கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்.